சின்னக் கவுண்டியின் வருமானக் கோடு: எந்தப் புள்ளியை நம்பலாம்?

கேள்வி இது: அமெரிக்காவில் மக்கள்தொகை குறைந்த ஒரு கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள், நம் மாவட்டம் போன்ற பிரிவு). அங்குள்ள வீட்டு வருமானத்தின் இடைநிலை மதிப்பு 1990 வாக்கிலிருந்து இன்றுவரை எப்படி மாறியது என்று வரைபடம் போட வேண்டும். அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பீரோ ஆண்டுதோறும் ஓர் எண் வெளியிடுகிறது. அதை வரிசையாக எடுத்து வைத்துக் கோடு இழுத்தால் போதாதா?

கோடு வரும். ஆனால் அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி கவுண்டியில் நடந்தது அல்ல. அளக்கும் முறையில் நடந்தது. சிறிய கவுண்டிக்கு நம்பகமான புள்ளிகள் முப்பது கிடைக்காது, ஐந்தோ ஆறோதான் கிடைக்கும். அவற்றைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஓர் உண்மையான கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன்: மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் இருக்கும் மெக்டொவல். நிலக்கரி பூமி. 1950-இல் 98,887 பேர் வாழ்ந்த இடம். 2000-இல் 27,329, 2010-இல் 22,113, 2020-இல் 19,111. கேரி நகரத்தில் யு.எஸ். ஸ்டீல் நடத்திய சுரங்கங்கள் 1980களில் மூடப்பட்டன. (வட கரோலினாவிலும் ஒரு மெக்டொவல் கவுண்டி உண்டு. தரவு இறக்கும்போது பெயரை நம்பாமல் 54047 என்ற கவுண்டி எண்ணைப் பாருங்கள். இந்தக் குழப்பத்தில் விழுந்த வரைபடங்கள் உலாவத்தான் செய்கின்றன.)

2000 சென்சஸ்படி மெக்டொவலின் வீட்டு வருமான இடைநிலை 16,931 டாலர். அதாவது கவுண்டியின் வீடுகளில் பாதிக்கு இதைவிடக் குறைவு, பாதிக்கு இதைவிட அதிகம். அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, சுருக்கமாக ஏசிஎஸ், 2006–10 காலத்துக்குத் தந்த எண் 22,154. ஏறக்குறைய 31 சதவீத வளர்ச்சி. பத்திரிகைத் தலைப்புக்கு இதுவே போதும்.

இப்போது விலைவாசியைக் கழிப்போம். முதல் எண் 1999-இன் டாலரில் இருக்கிறது, இரண்டாவது 2010-இன் டாலரில். நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஆண்டுச் சராசரி 1999-இல் 166.6, 2010-இல் 218.056. வகுத்தால் 1.309. பழைய 16,931-ஐ இதனால் பெருக்கினால் 22,160 டாலர். புதிய எண் 22,154. வித்தியாசம் ஆறு டாலர். 31 சதவீத வளர்ச்சி என்று பார்த்தது முழுக்கப் பூஜ்யம்.

இவ்வளவு துல்லியமாகப் பூஜ்யம் வந்தது தற்செயல். அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது, ஏனென்றால் இந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல.

2000 சென்சஸில் சராசரியாக ஆறு வீட்டுக்கு ஒரு வீடு, வருமானம் உட்பட விரிவான கேள்விகள் கொண்ட நீண்ட படிவம் நிரப்பியது. மிகச் சிறிய ஊர்களில் இரண்டுக்கு ஒன்று வரைகூட. கேட்ட கேள்வி, 1999 என்ற ஒரே காலண்டர் ஆண்டின் வருமானம். 2010 சென்சஸில் நீண்ட படிவமே இல்லை. அதன் இடத்துக்கு ஏசிஎஸ் வந்தது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளைத் தேர்ந்து, "கடந்த 12 மாதங்களில் எவ்வளவு வந்தது?" என்று கேட்கும் சர்வே அது. 2006 ஜனவரியில் கேட்கப்பட்டவர் 2005-இன் வருமானத்தைச் சொல்கிறார். 2010 டிசம்பரில் கேட்கப்பட்டவர் 2009 டிசம்பர் முதல் 2010 நவம்பர் வரையிலான வருமானத்தைச் சொல்கிறார். ஆக "2006–10" என்ற பெயருக்குள் இருப்பது 71 மாதங்களின் வருமானம், அதன் நடுப்புள்ளி 2007 டிசம்பர். வரைபடத்தில் இந்த எண்ணை 2010-இன் மேல் வைப்பவர்கள் அதை மூன்று ஆண்டு தள்ளி வைக்கிறார்கள். டாலர் 2010-இன் டாலர், வருமானம் 2007–08 வாக்கின் வருமானம். இரண்டும் வேறு.

அப்புறம் குறியீட்டெண். நான் பயன்படுத்தியது வழக்கமான நுகர்வோர் விலைக் குறியீட்டெண், சுருக்கமாக சிபிஐ-யு. பழைய ஆண்டுகளை இன்றைய முறைப்படி திருத்திக் கணக்கிட்ட வரிசை ஒன்று உண்டு, சிபிஐ-யு-ஆர்எஸ். 1978-லிருந்து கிடைக்கிறது. 1979, 1989 போன்ற ஆண்டுகளைத் தொடும் ஒப்பீட்டுக்கு அதுதான் சரி. 1999-க்குப் பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் அற்பம். மூன்றாவதாக, விலை ஏறும்போது மக்கள் மலிவான பொருளுக்கு மாறுவதையும் கணக்கில் எடுக்கும் சங்கிலிக் குறியீட்டெண் இருக்கிறது. அது ஆண்டுக்குக் கால் சதவீதப் புள்ளி அளவு மெதுவாக ஏறும். அதைப் போட்டால் மெக்டொவலின் பூஜ்யம் இரண்டு, மூன்று சதவீத உயர்வாகிவிடும். உயர்ந்ததா இல்லையா என்பதே எந்தக் குறியீட்டெண்ணை எடுத்தோம் என்பதைப் பொறுத்ததாகிறது. போதாததற்கு, சிபிஐ-யு நகர்ப்புற நுகர்வோருக்கான குறியீட்டெண். அமெரிக்க மக்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதில் அடங்குவார்கள், ஆனால் அடங்காதவர்கள் இருப்பதே நம் கவுண்டி போன்ற இடங்களில்தான். கிராமத்துக்கென்று அரசு தனிக் குறியீட்டெண் வெளியிடுவதில்லை. மெக்டொவலின் கிம்பல் ஊரில் 2005-இல் திறந்த வால்மார்ட் 2016-இல் மூடியது. அதற்குப் பிறகு அங்கே மளிகை வாங்கப் போய்வரும் பெட்ரோல் செலவு எந்தக் குறியீட்டெண்ணிலும் ஏறவில்லை.

இதற்கு ஒரு பாதி மருந்து இருக்கிறது, பலர் பயன்படுத்தாதது: டாலரை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள். நாட்டின் இடைநிலை 2000 சென்சஸில் 41,994. 2006–10 ஏசிஎஸ்-இல் 51,914. மெக்டொவல் நாட்டின் 40.3 சதவீதத்திலிருந்து 42.7 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவோடு ஒப்பிட்டால் (29,696, பிறகு 38,380) 57.0-இலிருந்து 57.7. விகிதம் எடுக்கும்போது குறியீட்டெண் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது. சென்சஸிலிருந்து ஏசிஎஸ்-க்கு மாறியதால் வந்த பிசகும் ஓரளவு அடிபடுகிறது, ஏனென்றால் அந்த மாற்றம் எல்லாக் கவுண்டிகளுக்கும் ஒரே நேரத்தில் நடந்தது. இந்த எண்களிலிருந்து நான் துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்தப் பத்தாண்டில் மெக்டொவல் மாநிலத்தோடு ஒட்டியே நகர்ந்தது, நாடு உண்மை மதிப்பில் ஐந்தரை சதவீதம் இறங்கியபோது இது அவ்வளவு இறங்கவில்லை. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுவது. முதியோர் நிறைந்த, சம்பளத்தைவிட ஓய்வூதியத்தை அதிகம் நம்பிய கவுண்டி மந்தநிலையில் குறைவாக ஆடுவதில் வியப்பில்லை. அதை வளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி 2010-க்குப் பின். இங்கேதான் ஆண்டுதோறும் எண் வருகிறது, ஆசை காட்டுவதும் இங்கேதான். ஏசிஎஸ்-இன் ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும். 20,000-க்கு மேல் உள்ளவற்றுக்கு மூன்றாண்டு மதிப்பீடு ஒன்று இருந்தது, 2011–13-ஓடு நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஐந்தாண்டு மதிப்பீடு. அது ஆண்டுதோறும் வெளியாகிறது, ஆனால் ஆண்டுக்கான எண் அல்ல. 2009–13-க்கும் 2010–14-க்கும் நான்கு ஆண்டுகள் பொது. ஐந்து இருக்கை உள்ள வண்டியில் ஒருவர் இறங்கி ஒருவர் ஏறுவதுபோல, 2009 இறங்கி 2014 ஏறுகிறது. எண் ஏறியிருந்தால் 2014 நன்றாக இருந்தது என்று பொருளல்ல. 2009 மோசமாக இருந்தது என்பதும் அதே ஏற்றத்தைத் தரும்.

சிலர் இதைத் திருப்பிப் போட்டுத் தனி ஆண்டைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள்: அடுத்தடுத்த இரண்டு மதிப்பீடுகளின் வித்தியாசத்தை ஐந்தால் பெருக்கி, அதுவே உள்ளே வந்த ஆண்டுக்கும் வெளியே போன ஆண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் என்பார்கள். கணக்கு சராசரிக்கு ஏறக்குறையச் சரி, இடைநிலைக்கு அந்த அளவுக்குக்கூடச் சரியில்லை. அதைவிட முக்கியம், பெருக்கும்போது பிழையும் ஐந்து மடங்காகிறது. மாதிரிக்குள் யார் வந்தார்கள் என்ற தற்செயலைத்தான் அந்த எண் கடைசியில் காட்டும்.

எனவே ஒன்றையொன்று தொடாத ஐந்தாண்டுகளை மட்டும் எடுங்கள்: 2009–13, 2014–18, 2019–23. சென்சஸ் பீரோவின் அறிவுரையும் இதுவே. 2020 உள்ளே இருக்கும் தொகுப்புகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பெருந்தொற்றில் பதில் சொன்னவர்கள் குறைந்தார்கள், பதில் சொன்னவர்களும் வசதியானவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். அந்த ஆண்டின் ஓராண்டு மதிப்பீட்டைப் பரிசோதனை எண் என்ற பெயரில்தான் வெளியிட்டார்கள். 2016–20 தொகுப்பு, எடைபோடும் முறையைத் திருத்தியபின், 2022 மார்ச்சில் தாமதமாக வந்தது.

ஒவ்வொரு ஏசிஎஸ் எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு இருக்கும்: சில வீடுகளை மட்டும் கேட்டதால் எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதன் அளவு. அதை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுப்பதுதான் இந்தத் துறையின் பெரும் பாவம். அது 90 சதவீத நம்பக அளவுக்கானது. 1.645-ஆல் வகுத்தால் திட்டப் பிழை கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: முந்தைய காலம் 28,000, பிழை வரம்பு 2,000. பிந்தைய காலம் 31,000, பிழை வரம்பு 2,500. முதலில் இரண்டையும் ஒரே ஆண்டின் டாலருக்குக் கொண்டுவந்ததாக வைத்துக்கொள்வோம், பிழை வரம்பையும் அதே எண்ணால் பெருக்கி. வித்தியாசம் 3,000. வித்தியாசத்தின் பிழை வரம்பு, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், சுமார் 3,200. ஆக இந்த உயர்வு பூஜ்யத்திலிருந்து வேறுபட்டது என்று 90 சதவீத அளவில்கூடச் சொல்ல முடியாது. சில ஆயிரம் வீடுகள் மட்டுமே உள்ள கவுண்டியில் பத்து சதவீத மாற்றம் தெரிந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

"அப்படியானால் சைப் எண்ணை எடுக்கலாமே, அது ஒவ்வோர் ஆண்டுக்கும் வருகிறதே?" என்ற அடுத்த கேள்வி நிச்சயம் வரும். சைப் என்பது சென்சஸ் பீரோவின் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீட்டுத் திட்டம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வின் ஃப்ரெட் தளத்தில் கவுண்டி பெயரைத் தட்டினால் வழுவழுப்பான கோடாக வருவது இதுதான். பலரும் அது அளந்த எண் என்று நினைக்கிறார்கள். அது மாடலிலிருந்து வரும் எண்.

அதன் உள்வேலை அழகானது. அடிப்படை யோசனை ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் இருவரும் 1979-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. ஆயிரம் பேருக்கும் குறைவான ஊர்களின் வருமானத்தை மதிப்பிட அவர்கள் உருவாக்கிய முறை அது. கவுண்டிக்கு இரண்டு மதிப்பீடுகள் இருக்கின்றன. ஒன்று, ஏசிஎஸ்-இல் அந்த ஓராண்டில் அகப்பட்ட சில வீடுகளின் நேரடி எண். வெளியிட முடியாத அளவுக்கு ஆடும். இன்னொன்று, வருமான வரிக் கணக்குகள் போன்ற நிர்வாகத் தரவுகளை வைத்து, நாட்டின் எல்லாக் கவுண்டிகளையும் சேர்த்து ரெக்ரெஷன் (அந்தத் தரவுகளுக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பைக் காணும் புள்ளியியல் கணக்கு) போட்டுக் கணித்த எண். எதன் பிழை குறைவோ அதற்கு அதிக எடை. (உண்மையில் இதை லாகரிதத்தில் செய்கிறார்கள், இங்கே டாலரிலேயே சொல்கிறேன்.) ரெக்ரெஷனின் பிழை 1,000 டாலர், நேரடி எண்ணின் பிழை 3,000 டாலர் என்றால், எடை பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும்: நேரடி எண்ணுக்கு 10 சதவீதம், ரெக்ரெஷனுக்கு 90. பெரிய கவுண்டிக்கு இது தலைகீழாகும்.

அதாவது சிறிய கவுண்டிக்கு சைப் சொல்வது, "இப்படிப்பட்ட வரிக் கணக்குகள் உள்ள கவுண்டியில் வழக்கமாக இவ்வளவு இருக்கும்" என்பதையே. நம் கவுண்டி வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால் அந்த மாறுபாடு மழுங்கிவிடும். சோஷியல் செக்யூரிட்டியை மட்டும் வைத்து வாழும் முதியவர் பெரும்பாலும் வரிக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டியதில்லை. நுரையீரலில் கரித்தூள் படிந்த சுரங்கத் தொழிலாளிக்கு வரும் உதவித்தொகைக்கு வரியும் இல்லை. மெக்டொவல் போன்ற இடத்தில் இவை ஓரத்தில் கிடக்கும் விவரங்கள் அல்ல. அதற்காக சைப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே ஆண்டில் கவுண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அதுதான் இருப்பதிலேயே நல்லது. காலப்போக்குக்குப் பயன்படுத்தினால் மூன்று எச்சரிக்கை: ஒவ்வோர் ஆண்டின் மாடலும் தனித்தனியாகப் பொருத்தப்படுகிறது, 2005-இல் அடிப்படைச் சர்வே சிபிஎஸ்-இலிருந்து (கரண்ட் பாப்புலேஷன் சர்வே என்ற இன்னொரு சர்வே) ஏசிஎஸ்-க்கு மாறியதால் அங்கே ஒரு முறிவு இருக்கிறது, எண்கள் அந்தந்த ஆண்டின் டாலரில் இருக்கின்றன, விலைவாசியை நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

வருமானம் என்று எதைச் சொல்கிறோம் என்பதும் இங்கே உதைக்கும். கென்னடி காலத்து உணவு முத்திரைத் திட்டத்தின் முதல் முத்திரைகள் 1961 மே மாதம் இதே மெக்டொவலின் வெல்ச் நகரில்தான் வழங்கப்பட்டன. அதன் இன்றைய வடிவமான ஸ்னாப், சென்சஸ் கணக்கில் வருமானம் ஆகாது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெயிட் ஆகாது. வரிச் சலுகையாகத் திரும்பி வரும் பணமும் ஆகாது. ரொக்கம் மட்டுமே கணக்கு. வர்த்தகத் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவான பிஇஏ 1969 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் தனிநபர் வருமானத்தில் இவை எல்லாம் உண்டு. அதனால் ஏழைக் கவுண்டிகளில் பிஇஏ கோடு வேகமாக ஏறும், சென்சஸ் கோடு ஊரும். இரண்டில் எதுவும் பொய்யில்லை. ஆனால் பிஇஏ எண் சராசரி, இடைநிலை அல்ல. அதை வைத்து இடைநிலையின் இடைப்பட்ட ஆண்டுகளை நிரப்புபவர்கள் மருத்துவமனைக்குப் போன மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணத்தை வீட்டுக்கு வந்த சம்பளமாகக் காட்டுகிறார்கள். விவசாயக் கவுண்டி என்றால் இன்னும் மோசம், ஒரு நல்ல அறுவடை ஆண்டு அந்த வரிசையையே தூக்கி நிறுத்திவிடும்.

சர்வேயில் ஓய்வூதியத்தைக் குறைத்துச் சொல்வது இன்னொரு தலைவலி. சிபிஎஸ் சர்வேயின் பதில்களை நிர்வாகப் பதிவுகளோடு சென்சஸ் பீரோ ஆய்வாளர்கள் இணைத்துப் பார்த்தபோது, 65 வயதைக் கடந்தவர்களின் வீட்டு வருமான இடைநிலை 2012-க்கு சர்வே சொன்னதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக வந்தது. முதியோர் பங்கு ஏறிக்கொண்டே போகும் கவுண்டியில் இந்தக் குறைபாடும் ஆண்டோடு ஆண்டு வளரும்.

சென்சஸின் தலா வருமானத்தையும் இடைநிலைக்குப் பதிலாக வைக்காதீர்கள். சிறைவாசிகள் "வீடு" என்ற கணக்கில் வரமாட்டார்கள், தலா வருமானத்தின் வகுஎண்ணில் வருவார்கள். மெக்டொவலில் 2010-இல் ஒரு ஃபெடரல் சிறை திறந்தது. ஆயிரம் பேர் அடைபட்டாலே இருபதாயிரம் பேர் கொண்ட கவுண்டியின் தலா வருமானம் அசையும், ஒரு வீட்டின் வருமானமும் மாறாமலே.

1990-க்கு முன்னால் போக வேண்டுமானால் 1969, 1979, 1989 வருமானங்களுக்கான வீட்டு இடைநிலை கவுண்டி வாரியாகக் கிடைக்கிறது. அதற்கும் முன்னால் பெரும்பாலும் குடும்ப வருமானமே அகப்படும். அது உறவினர் சேர்ந்து வாழும் வீடுகளுக்கானது, தனியாக வாழ்பவர்கள் அதில் இல்லை, எனவே எப்போதும் மேலே நிற்கும். மெக்டொவலில் 1999-க்கு வீட்டு இடைநிலை 16,931, குடும்ப இடைநிலை 20,496. இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டினால் இல்லாத சரிவு ஒன்று முளைக்கும். பத்தாண்டுக்கு ஒரு புள்ளி என்பதாலும் ஏமாறலாம்: 1979 புள்ளி கேரி சுரங்கங்கள் ஓடிய காலம், 1989 அவை மூடியபின். நடுவில் எந்த ஆண்டு விழுந்தது என்பதை அந்த நேர்கோடு சொல்லாது. அதற்கு வேலையின்மைத் தரவையும் சுரங்க வேலைவாய்ப்புத் தரவையும் பக்கத்தில் வையுங்கள், வருமானத்தை இட்டுக்கட்டாதீர்கள்.

பிழை வரம்பு தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் பக்கத்துக் கவுண்டிகளைச் சேர்த்து ஒரு வட்டாரமாக்குங்கள். அப்போது இடைநிலைகளைச் சராசரி எடுக்கக் கூடாது. ஏசிஎஸ்-இன் 19001 எண் அட்டவணையில் வருமானம் 16 படிகளாக இருக்கும். படிக்குப் படி வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் புதிதாக இடைநிலை காணுங்கள். உதாரணமாக மொத்தம் 18,000 வீடுகள் என்றால் 9,000-ஆவது வீடு வேண்டும். 25,000 டாலருக்குக் கீழ் 8,200 வீடுகள், அடுத்த படியான 25,000–29,999-இல் 1,600 வீடுகள் என்றால், அந்தப் படிக்குள் 800 வீடு தள்ளி, அதாவது பாதித் தூரத்தில், 27,500.

வரைபடத்தில் நான் வைப்பது இவ்வளவே: 1989, 1999 சென்சஸ் புள்ளிகள், தொடாத மூன்று ஏசிஎஸ் காலங்கள். 2006–10 மேலே உதாரணத்துக்குப் பயன்பட்டது, வரைபடத்தில் வைத்தால் அது 2009–13-ஓடு மோதும். ஏசிஎஸ் காலம் ஒவ்வொன்றும் அதன் நடு ஆண்டில், பிழை வரம்பு செங்குத்துக் கோடாக. 1999-க்கும் முதல் ஏசிஎஸ்-க்கும் நடுவே கோட்டை உடைத்துவிடுவேன். கீழே அதே ஆண்டுகளுக்கு மாநில இடைநிலையில் எத்தனை சதவீதம் என்ற இரண்டாவது வரைபடம், மூன்றாவதாக வீடுகளின் எண்ணிக்கை. இந்த மூன்றாவதை விடவே கூடாது. 1950-இலிருந்து ஐந்தில் நான்கு பங்கு மக்கள் வெளியேறிய இடத்தில், 1999-இல் அளந்த வீடுகளும் 2021-இல் அளந்த வீடுகளும் ஒரே வீடுகள் அல்ல. வேலை தேடும் வயதினர் கிளம்பிப் போனால் இடைநிலை இறங்கலாம், வாடகை கட்ட முடியாதவர்கள் போனால் ஏறலாம், தங்கியவர் எவருடைய வருமானமும் மாறாமலே. "இக்கவுண்டி மக்களின் வருமானம் இவ்வளவு உயர்ந்தது" என்று எழுதாதீர்கள். "இக்கவுண்டியில் அந்தந்தக் காலத்தில் இருந்த வீடுகளின் இடைநிலை வருமானம்" என்று எழுதி, பிழை வரம்பையும் டாலரின் ஆண்டையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.